பூனை கை தூக்கவில்லை

அப்பா நடித்த பழைய படத்தைச் சுத்தம் செய்து மறுபடி தியேட்டருக்கு அனுப்பும் வேலை, சுற்றிச் சுற்றி மகள் கைக்கே வந்து சேர்ந்தது. படச்சுருளில் கீறல் நீக்குவதுதான் அவள் பிழைப்பு. அப்பா நடித்தார் என்றால் முகமெல்லாம் தெரியாது. ஹீரோவுக்குப் பதிலாகக் கீழே விழுகிறவர். எங்கிருந்து தள்ளினாலும் காலூன்றி எழுந்துவிடுவார் என்று அவருக்குப் பூனை என்று பேர்.

படம் வருங்காலக் கதை. அரசாங்கமே ஓர் ஆட்டம் நடத்தும். இரும்பு வளையத்துக்குள் சங்கிலியோடு மோதுவார்கள். எதிரி செத்தால் புள்ளி, கூட்டம் விசிலடிக்கும். அட கண்றாவியே, இதையுமா ரசித்தார்கள் என்று கேட்காதீர்கள். சின்ன வயதில் இவளே வாய் பிளந்து பார்த்தவள்தான்.

நிறம் சரிதானா என்று சொல்லச் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் படத்தில் அவர்தான் கேமராவை ஓட்டியவர். வளையத்தின் உச்சியிலிருந்து பூனை விழும் காட்சி வந்தது. தியேட்டரில் அவர் விழுந்ததுமே வெட்டிக் கூட்டத்தைக் காட்டிவிடுவார்கள். இந்தப் பெட்டியில் இருந்ததோ வெட்டாத சுருள்.

விழுந்து முடித்ததும் பூனை இடது கையைத் தூக்குவார். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் கேமராவை நிறுத்துவார்கள். வீட்டில் கட்டிலிலிருந்து குதித்தாலும் தூக்குவார், மகள் கைதட்டுவாள்.

அவள் காத்திருந்தாள். கூட்டமாக நடித்தவர்கள் இன்னும் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். கை எழவேயில்லை. அப்பா செத்தது லாரி மோதி, ஷூட்டிங் முடிந்து வரும் வழியில். வீட்டுக்கு வந்து அப்படிச் சொன்னவரே சித்தப்பாதான்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாரியே இல்லையா?"

"இல்லம்மா. அண்ணன் கை தூக்கும் தூக்கும்னு கேமராவ ஓட்டிக்கிட்டே இருந்தேன். வெளிய சொன்னா இனி எனக்கு வேலையே கிடையாதுன்னு படக் கம்பெனில சொல்லிட்டாங்க."

கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது!

போன் அடித்தது. வேலை முடிகிற நேரத்தில் தினமும் அடிக்கும். அப்பா செத்த அன்றிலிருந்து இன்றுவரை லாரியைக் கண்டால் மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபிக்கிறவள் அம்மா.

"கெளம்பிட்டியா? ரோட்டப் பாத்து வாடி. லாரிக்காரனுங்களுக்குக் கண்ணே தெரியாது."

திரையில் அப்பா இன்னும் அப்படியே கிடந்தார்.

"அம்மா, சித்தப்பா பக்கத்துலதான் இருக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்று போனை அவர் கையில் வைத்தாள்.