இரண்டு முறை பிறந்தவளுக்கான மனு

1.

இருந்தவர்கள் மூவர். மெக்சிகோவில் எங்கள் ஊர்ச் சதுக்கத்து வளைவுகளுக்கடியில், தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால், பிறருக்குக் கடிதம் எழுதிப் பிழைக்கும் நான், ரெமிஹியோ. எதிர் நாற்காலியில் ஒராலியா. அவள் மகள் யாரெலி உட்கார மறுத்துத் தூணில் சாய்ந்திருந்தாள். அவர்களுடைய மனுவிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. மனுவில் கோபப்பட முடியாது, மிச்சம் இங்கே.

2.

முதல் தொடக்கம்: "மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு, அறியாமையால் நேர்ந்த பிழையை" (நீக்கிவிட்டேன். யாருடைய அறியாமை?)

யாரெலி பிறந்தது கலிபோர்னியாவில். அவளுடைய இரண்டாவது வயதில் அமெரிக்கா ஒராலியாவை நாடு கடத்தியது. தாய் மெக்சிகோக்காரி என்றால் பிள்ளையும் எங்கள் குடிமகள். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பதிவு அலுவலகமோ, பிறப்புச் சான்றிதழில் கலிபோர்னியாவின் முத்திரை எங்கே என்றது. துரத்திய நாட்டுக்கே போய் முத்திரை வாங்கி வர வேண்டுமாம்! இரண்டு அரசுகள் பேசி முடித்திருக்க வேண்டியதை, இடுப்பில் பிள்ளையோடு நின்றவள் தலையில் கட்டினார்கள். திரும்பி வந்த பலரும் செய்வதை அவளும் செய்தாள். இரண்டு சாட்சிகளோடு போய், பிள்ளை இங்கேயே பிறந்ததாகப் பதிந்தாள்.

இப்போது செவிலியர் கல்லூரி விண்ணப்பத்தில் யாரெலி இரண்டு சான்றிதழ்களையும் இணைத்துவிட்டாள். இரண்டு பிறப்பிடம் செல்லாது என்றது கல்லூரி. இங்கே பதிந்ததை ரத்துசெய்யக் கோரும் மனு இன்று மாலைக்குள் பதிவாகாவிட்டால் இடம் போய்விடும்.

3.

"நான் பொய் சொன்னேன்னு எழுதிடாதீங்க, தோன் ரெமிஹியோ. உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க," என்றாள் ஒராலியா, 'தோன்' என்று மரியாதை சேர்த்து.

"ரெண்டு தடவ பெத்தியேம்மா, வருஷத்துக்கு ரெண்டு பொறந்தநாள் கேக்காவது வாங்குனியா?" என்றாள் யாரெலி.

"வாயப் பாரு! வலி எனக்கு ஒரு தடவதான்டி."

(சிரித்தோம். கோபக்கதையில் சிரிப்பு வேண்டாமென்று எடுத்தேன், மறுபடி வைத்தேன்.)

4.

ஒரு கதாபாத்திரத்தை உங்களிடம் மறைத்தேன். சாட்சிகளில் ஒருவனை முந்தைய வரைவில் இறந்துபோன ரொட்டிக் கடைக்காரன் ஆக்கியிருந்தேன். எனக்கு வசதி, இறந்தவன் எதுவும் கேட்க மாட்டான். ஆனால் அந்தச் சாட்சி நான்தான். அப்படிப் பதியும் யோசனையும் என்னுடையதுதான்.

"நான் இங்க பொறந்தத நீங்க பார்த்தீங்களா?" என்றாள் யாரெலி.

"இல்லம்மா."

"அப்ப அத எழுதுங்க."

5.

இந்தக் கதைக்குப் பதிவாளர் மன்னிக்கும் முடிவு ஒன்று வைத்திருந்தேன். ஒராலியாவை வழக்குக்கு இழுக்கும் முடிவு இன்னொன்று. இரண்டும் அலுவலகத்தார் கையில். நான் எழுதித் தரமாட்டேன். என் கையில் இருந்ததை மனுவில் தட்டச்சு செய்தேன்: "பொய்ச் சாட்சி சொன்னவன் நான். சொல்லக் கற்றுக்கொடுத்தவனும் நான். உண்மையை எடுத்துவந்தவளை அன்று திருப்பி அனுப்பியது உங்கள் அலுவலகம்."

ஒராலியா வாசித்தாள். "உங்களப் பிடிப்பாங்களே!"

"முகவரி கீழ இருக்கு. தேட வேண்டியதில்ல."

அவள் கையெழுத்துப் போட்டாள். உறையை ஒட்டினேன். யாரெலி அதைப் பறித்துக்கொண்டு சதுக்கத்தின் குறுக்கே ஓடினாள். அலுவலகம் மூட இருபது நிமிடம் இருந்தது.