அம்மாவின் உடம்பு வயது

வீட்டுக்குள் அண்ணன் நுழைந்தாலே தங்கைக்குக் குமட்டும். அவன் குடிக்கிற பச்சைப் பொடிக் கரைசலின் வாடை அவனுக்கு முன்னால் வந்து நிற்கும். ஐஸ் தொட்டியில் முங்கி எழுந்த கையால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடிப்பான். பாசம் என்று நினைத்துவிடக் கூடாது, நாடி பார்க்கத்தான். அதற்காக அவன் டாக்டர் என்றும் நினைத்துவிடக் கூடாது. முதுமையை அறிவியலால் தள்ளிப்போடுகிறேன் என்று வயதானவர்களைத் தங்கவைக்கும் ஒரு நிலையம் நடத்திக்கொண்டு, கவனம், சுறுசுறுப்பு, நீண்ட ஆயுள் என்று மேடை மேடையாக வாய் கிழியப் பேசுகிறவன். சொந்தக்காரர்கள் அவனை 'ஆயுசு' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த நிலையத்தை அம்மா ஒருநாள் போய்ப் பார்த்திருக்கிறாள். காலை முழுக்கக் கவனப் பயிற்சியாம். வயதானவர்கள் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வெயில் சாய்வதற்குள் இரவுச் சாப்பாடும் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேசாம இருக்கச் சொன்னா நான் செத்தே போயிடுவேன்டி. என்னை அங்க மட்டும் அனுப்பிடாத."

ஆயுசு விடுவானா? ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கட்டினான். நடை, தூக்கம், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் அது அவனுடைய போனுக்கு அனுப்பும். கணக்கு நன்றாக வந்தால் அம்மா தங்கையோடு இருக்கலாம், குறைந்தால் நிலையத்துக்கு வந்துவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டான்.

பாழாய்ப்போன கடிகாரம் அம்மா உட்கார்ந்தால் எழுந்திரு என்று அதிரும், படுத்தாலும் அதிரும். வார் பட்டுத் தோல் உரிந்து நீர் வடிந்தது. கழற்றி வைத்தால் உடனே அண்ணனிடமிருந்து போன் வரும். ஒருநாள் காலையில் தங்கைக்குப் பொறுக்கவில்லை. "அந்தச் சனியனை இங்க குடும்மா" என்று வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அவளுக்கு வேலை ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில். அம்மா எழுப்பிவிட, விடிவதற்கு முன்னே போய், நின்றது நின்றபடி படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தள்ள வேண்டும். அதன்பிறகு இரவும் பகலும் கடிகாரம் அவள் கையில்தான். கணக்கு எகிறியது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவால் அவ்வளவு நேரம் நிற்க முடியுமா என்று அவன் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. எங்கே யோசிப்பான்? அம்மா முகத்தைப் பார்த்தால்தானே, திரையை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வருகிற அன்றைக்கு மட்டும் கடிகாரம் அம்மா கைக்குப் போகும்.

நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு இருவரையும் கூட்டிப்போய் முன் வரிசையில் உட்கார வைத்தான். கடிகாரம் அம்மா கையில் இருந்தது. எல்லோருக்கும் காகிதக் கோப்பையில் அந்தப் பச்சைக் கண்றாவியைக் கொடுத்தார்கள். தங்கையும் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவைத்தாள். மேடைத் திரையில் அம்மாவின் படம் பெரிதாக வந்தது.

"எங்க அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு. ஆனா இந்தக் கடிகாரம் கணக்குப் போட்ட உடம்பு வயசு என்ன தெரியுமா? அறுபத்தாறு!"

அரங்கம் கைதட்டியது. அவன் நிறுத்தவில்லை. அம்மாவின் குறைந்த தூக்கம், நாள் முழுக்க நிற்கும் பழக்கம், இவைதான் காரணம் என்று விளக்கினான். இனி நிலையத்தில் உள்ள அத்தனை பேரையும் விடியுமுன் எழுப்பி நிற்கவைக்கப் போகிறானாம். அதற்கு 'அம்மா முறை' என்று பெயர் வேறு. அடப் பாவி!

தங்கைக்கு நாற்பத்தொன்பது வயது. அவள் தன் கைகளைப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் வெடித்த விரல்கள், நரம்பு புடைத்த புறங்கை. இத்தனை நாள் அண்ணனைப் பார்த்து வந்த குமட்டல் இப்போது அந்த எண்ணைப் பார்த்து வந்தது.

"அறுபத்தாறா? உனக்காடி?" என்றாள் அம்மா மெதுவாக.

"சும்மா இரும்மா. தெரிஞ்சா உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவான்."

அதற்குள் அண்ணன் மைக்கோடு இறங்கி வந்துவிட்டான். வீட்டில் 'நீ', சபையில் 'நீங்க'. "சொல்லுங்கம்மா, இந்த இளமைக்கு என்ன ரகசியம்?"

அம்மா மைக்கை வாங்கினாள். "இது என் வயசு இல்லடா. உன் தங்கச்சி வயசு. அவதான் இதைக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போனா. நாப்பத்தொம்பது வயசுப் பொண்ணுக்கு உடம்பு அறுபத்தாறாயிடுச்சு, நீ கைதட்ட வைக்கிற."

அண்ணன் மைக்கைப் பிடுங்கி உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தங்கையின் பக்கம் குனிந்தான். என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவன், உடம்புக்கு என்ன என்று கேட்கப் போகிறான் என்று ஒரு கணம் அவள் நம்பிவிட்டாள்.

"எத்தனை மாசமா இந்த வேலை பண்ற? என் கணக்கு பூரா நாசமாப் போச்சே."

பச்சைப் பொடி வாடை அவள் முகத்தில் அடித்தது.

அம்மா கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். "நீயே கட்டிக்கோ. இனிமே என்னைக் கூப்பிட வீட்டுப் பக்கம் வராத" என்று சொல்லிவிட்டு மகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

தெருமுனை வரைக்கும்தான் தங்கையால் தாக்குப்பிடிக்க முடிந்தது. சாக்கடை ஓரமாகக் குனிந்து அந்தப் பச்சையைக் குடல் புரள வாந்தி எடுத்தாள். வாய் ஓயாத அம்மா, ஒரு வார்த்தை பேசாமல் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் அடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு நீ தூங்கு. நான் எழுப்ப மாட்டேன்."