இடது முன்னங்கால்

யோவான் திருநாள் காலையில் எங்கள் மாட்டுத் தொழுவத்தில் ஒரு தேரை உட்கார்ந்திருந்தது. பத்து நாளாகவே பாலில் ரத்தம் கலந்து வந்தது. மடியில் சீக்கு என்று யாராவது சொன்னால் எங்கள் கார்பாத்திய மலையூரில் சிரிப்பார்கள். சூனியக்காரிதான் தேரையாக வந்து மடியைச் சப்புகிறாள், இதில் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்கும்தான் இருக்கவில்லை, இப்போது பெரிய புத்திசாலி மாதிரி பேசுகிறேன்.

என் புருஷன் புரோகிப் வைக்கோல் அள்ளும் கவைக்கோலால் அதன் இடது முன்னங்காலைக் குத்தினான். கொல்லவில்லை. தேரையைக் கொன்றால் பெற்ற தாய் சாவாள் என்று அவனுக்குப் பயம். அது காலை இழுத்துக்கொண்டு கல்லிடுக்கில் போய் நுழைந்தது.

"நாளைக்கு எவளுக்கு இடது கையில காயம் இருக்கோ, அவதான் திருடி. உப்பு, நெருப்புன்னு கேட்டுக்கிட்டுத் தானா வருவா பாரு," என்றான்.

"வந்தா?"

"அப்புறம் அவ இந்த ஊர்ல இருக்க மாட்டா."

அன்று மத்தியானம் பன்றித் தீனிக்குக் காஞ்சொறிச் செடி அறுக்கும்போது அரிவாள் நழுவி என் இடது உள்ளங்கையைக் கிழித்தது. வலிக்கு முன்னால் பயம்தான் வந்தது. எட்டு வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவன்தான், ஆனாலும் அவனிடம் கையைக் காட்டத் துணியவில்லை. துணியைச் சுற்றி, மேலே மாவை அப்பிக்கொண்டு, ரொட்டிக்குப் பிசைகிறவள் மாதிரி நின்றேன்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு யாவ்தோகா வந்தாள். புருஷனைப் போரில் பறிகொடுத்த தனிக்கட்டை. அவள் இடது கையில் கந்தல் சுற்றியிருந்தது.

"ஒலியானா, ஒரு பிடி உப்பு குடு புள்ள. அடுப்புல கையச் சுட்டுக்கிட்டேன், வலியில கடை வரைக்கும் நடக்க முடியல."

புரோகிப் காதில் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பாதி ஊர் கூடிவிட்டது. அவள் கந்தலை அவிழ்த்துக் காட்டினாள். கொப்புளம் பளிச்சென்று தெரிந்தது.

"ஏன், கவைக்கோல் குத்துன எடம் கொப்புளிக்காதா?" என்றான் ஒருவன். அதற்கும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

"ஒலியானா, நீ சொல்லு. உப்பு கேட்டாளா இல்லையா?" என்றான் புரோகிப்.

என் கையை நீட்டியிருந்தால் போதும். காயம் யாருக்கும் வரும் என்று கூட்டத்துக்கு உறைத்திருக்கும். இல்லாவிட்டால் என்னையும் சேர்த்துத் துரத்தியிருப்பார்கள். கையை இடுப்பில் கட்டிய முன்துணிக்குள் இன்னும் ஆழமாக நுழைத்துக்கொண்டேன்.

"கேட்டா," என்றேன். நான் மனுஷியே இல்லை.

மத்தியானத்துக்குள் அவள் வீட்டு ஜன்னல்களை உடைத்துவிட்டார்கள். ஒரே ஒரு மூட்டையோடு வெளியே வந்தாள். யாரும் கிட்டே போகவில்லை. என்னைக் கடக்கும்போது மட்டும் நின்றாள்.

"நேத்து வேலி வழியாப் பாத்தேன் புள்ள, ஆழமா அறுத்துக்கிட்ட," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "தேன் வெச்சுக் கட்டு. ஒளிச்சே வெச்சிருந்தா சீழ் புடிச்சுக்கும்."

மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனாள்.

புரோகிப் பக்கத்தில் வந்தான். "என்ன சொல்லிட்டுப் போறா அந்தச் சிறுக்கி?"

"சாபம் விட்டுட்டுப் போறா," என்றேன்.