நாற்பது நிமிடத் தொலைவு

மேனேஜர் பேசப்போகும் உரையை நான்தான் எழுத வேண்டியிருந்தது. தலைமைப் பண்பு பற்றிப் பத்து நிமிடம். குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் திரையையும் பார்த்துக்கொண்டு காலையிலிருந்து எழுதியதில் மூன்று வரி தேறியிருந்தது.

மகளுக்கு அதைவிட வேகமாக எழுதியிருந்தேன். படிப்பைப் பாதியில் விடப்போவதாக அவள் சொன்னாள். நான் கத்தினேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது. இன்று எட்டு மணிக்கு, ‘உன் இஷ்டம்போல செய். வீட்டுக்கு வா’ என்று அனுப்பினேன். பதில் இல்லை. எட்டரைக்கு, ‘ஆனா அடுத்து என்னன்னு மட்டும் சொல்லிடு’. ஒன்பதுக்கு, ‘பெத்தவளை இப்படி உதாசீனம் பண்ண எங்க கத்துக்கிட்ட?’

மேனேஜர் வந்து காகிதத்தை எடுத்தார்.

“என்னம்மா இது, சைபர்நெட்டிக்ஸ்? வாயில நுழையல.”

“கட்டுப்பாட்டைப் பத்தின அறிவியல் சார். கப்பல்ல சுக்கான் பிடிக்கிறவனைச் சொல்ற கிரேக்க வார்த்தையிலேர்ந்து வந்த பேரு.”

“சுக்கானா? எனக்குக் கேப்டன் வேணும்மா. முன்னால நின்னு கையை நீட்டி, அதோ அங்கேன்னு காட்டணும்.”

“காட்டிடலாம் சார். சுக்கான்காரன்தான் கொஞ்சம் திருப்பிட்டு, கப்பல் எப்படித் திரும்புதுன்னு பாத்துட்டு, மறுபடி கை வைக்கணும்.”

“அப்ப பாதி நேரம் சும்மாதான் நிக்கிறான்.”

ஏணிமேல் நின்று விளக்கு மாற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் அக்கா, “அந்த வேலைக்கு ஆள் எடுக்கறாங்களா சார்?” என்றாள்.

அப்போதுதான் திரையில் குளோரின் அளவு மஞ்சளுக்கு இறங்கியது. ஒரு புள்ளி கூட்டினேன். குளோரின் கலந்த தண்ணீர், அளவுக் கருவி இருக்கும் இடத்துக்குப் போய்ச்சேர நாற்பது நிமிடம் ஆகும்.

“ஏறவே இல்லையேம்மா.”

“போய்ச் சேரணும் சார். இதுக்கு மேல தொடாதீங்க.”

நான் சாம்பிள் எடுக்கக் கீழே போனேன். அரை மணி கழித்துத் திரும்பியபோது அவர் என் நாற்காலியில் இருந்தார். மூன்று முறை கூட்டியிருந்தார். முகத்தில் வேலை செய்த திருப்தி. திரை இன்னும் மஞ்சளாகவே இருந்தது.

நான் குறைத்தேன். போனது போனதுதான். முதலில் பச்சை வந்தது, பிறகு சிவப்பு. வெளியே போகும் வால்வை மூடி, குழாயில் இருந்ததையெல்லாம் வடிகாலில் திறந்துவிட்டோம். அதற்குள் நான்கைந்து தெருக்களுக்குத் தண்ணீர் போயிருந்தது. தொலைபேசியில் ஒரு அம்மா, “பல்லு விளக்கினா ஆஸ்பத்திரியைக் கழுவின மாதிரி இருக்கு” என்றாள்.

“நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார் மேனேஜர்.



மதியம்தான் கைபேசியைப் பார்த்தேன். மகளிடமிருந்து ஒரே ஒரு செய்தி.

‘நீ வான்னு சொன்னதும் குளிச்சிட்டுக் கிளம்பிட்டேன்மா. பதில் நேர்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன். மத்த ரெண்டையும் பஸ்ல உக்காந்துதான் படிச்சேன். அடுத்த ஸ்டாப்ல இறங்கிட்டேன்.’

நாற்காலியில் உட்கார்ந்தேன். மேனேஜரின் சூடு அதில் இன்னும் இருப்பதுபோல் தோன்றியது. ‘நான் அப்படி நினைக்கல’ என்று தொடங்கி ஒரு பக்கத்துக்கு எழுதினேன். முழுவதையும் அழித்தேன். குழாயின் நீளம் எனக்குத் தெரியும். இவளுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று இருபது வருடத்தில் ஒரு முறையும் அளந்ததில்லை.

‘படிச்சேன். தப்பு என்னோடது’ என்று மட்டும் அனுப்பிவிட்டு, கைபேசியை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

வாசலில் மேனேஜர் தலை தெரிந்தது. “கேப்டனே இருக்கட்டும்மா.”

“சரி சார்.”

கேப்டனைப் பற்றி எழுதத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் என் இடது கை இழுப்பறையின் பிடியில் இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.