எந்த இடுப்பு வலி

இடுப்பு என்ற சொல்லோடு அந்த பிசியோதெரபிஸ்டுக்குத் தீராத சண்டை. வருகிறவர்கள் எல்லாரும் "இடுப்பு வலி" என்பார்கள். விலாவுக்குக் கீழே தொடங்கித் தொடை வரைக்கும் அத்தனையும் அவர்களுக்கு இடுப்புதான். "வாயால சொல்லாதீங்க, ஒரு விரலை வச்சுக் காட்டுங்க" என்பாள் அவள். முதுகு முடிகிற இடத்தில் ஒரு பக்கமாக இருக்கும் சின்னக் குழியில் விரல் போய் நின்றால், ஆளை மேசைமேல் படுக்க வைப்பதற்குள் அவளுக்குப் பாதி விளங்கிவிடும்.

அவளுடைய தங்கையின் விரலும் அங்கேதான் நின்றது. ஏழாம் மாதம். படுக்கையில் புரண்டால் வலி, படியேறினால் வலி, ஒற்றைக் காலில் நின்று உடை மாட்டினால் உயிர் போகிற வலி. பிளாஸ்டிக் இடுப்பெலும்பை மடியில் வைத்துக்கொண்டு அக்கா பாடம் நடத்தினாள்.

"இது ஒரே எலும்பு இல்லடி. ரெண்டு பக்கமும் பெரிய எலும்பு, நடுவுல ஆப்பு மாதிரி ஒண்ணு. மேல் உடம்போட பாரம் மொத்தமும் இந்த மூட்டு வழியாத்தான் காலுக்கு இறங்குது. சாதாரணமா இது அசையறதே கண்ணுக்குத் தெரியாது. இப்ப குழந்தைக்கு வழி விடணும்ல, அதுக்காகப் பிடிச்சு வச்சிருக்கற நாரெல்லாம் இளகுது."

"அப்ப நான் கழண்டுக்கிட்டு இருக்கேன்னு சொல்லு."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அக்கா இடுப்பைச் சுற்றிப் பட்டை கட்டிவிட்டாள். முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு புரளக் கற்றுக்கொடுத்தாள். வலி குறைந்தது. அக்காவுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது, மறைப்பானேன்.

பதினைந்து நாள் கழித்து, காலை பத்து மணிக்குப் போன் வந்தது. ஒரு பெரியவரின் காலைத் தூக்கிப் பிடித்திருந்தவள், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"அக்கா, இடுப்பு வலிக்குது."

"அதே வலிதானே?"

"அதே மாதிரிதான் இருக்கு. கொஞ்சம் ஜாஸ்தி."

"பட்டையை இறுக்கிக் கட்டிட்டு, இடது பக்கமாப் படு. சாயங்காலம் வந்து பாக்கறேன்."

கர்ப்பிணி ஒருத்தி இடுப்பு வலி என்றால், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அடுத்த நிமிஷம் வண்டி பிடிப்பார்கள். பிரசவ வலிக்கு நம் பேச்சில் பெயரே அதுதான். ஊருக்கே தெரிந்த அந்த அர்த்தம் அக்காவுக்கு மட்டும் தோன்றவில்லை. அதிகம் படித்தவள் ஆயிற்றே! விட்டு விட்டு வருகிறதா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

மூன்று மணிக்கு மறுபடி போன். இந்த முறை முனகல்தான் கேட்டது. போட்டது போட்டபடி ஓடினாள். தங்கை கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தாள். வலி வந்தது, போனது, நாலு நிமிஷத்தில் மறுபடி வந்தது.

"எப்படியாவது நிறுத்துக்கா. இன்னும் ரெண்டு மாசம் இருக்கே."

அக்காவின் கை தன்னால் அந்த மூட்டைத் தேடிப்போய் அழுத்தியது. எத்தனையோ பேரை நிமிர்ந்து நடக்க வைத்த கை. இப்போது அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா அழுத்திக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, வலி எப்போது தொடங்கியது என்பதுதான்.

"இப்பத்தான், மத்தியானம்" என்றாள் தங்கை, அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

"காலையில பத்து மணிக்கு" என்றாள் அக்கா.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. "குழந்தையோட நுரையீரலுக்கு ஊசி போடறோம். அது முழுசா வேலை செய்ய ஒரு நாளாவது ஆகும். அவ்வளவு நேரம் கிடைக்காது போலிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தங்கையின் கணவன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். பெஞ்சில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"நல்லவேளை அண்ணி, நீங்க பக்கத்துல இருந்தீங்க. நீங்க இருக்கற தைரியத்துலதான் நான் வேலைக்கே போறேன்."

கதவுக்குப் பின்னால் தங்கை கத்தினாள். பிறகு சத்தம் நின்றது. அழுகைக் குரல் வருமா என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வரவில்லை. அவன் அவள் கையை இன்னும் விடவில்லை.

"காலையிலயே எனக்குப் போன் பண்ணினா" என்றாள் அவள். "நான்தான் படுக்கச் சொன்னேன்."