முதலாளி இறங்காத கார்

மூக்கில் நட்சத்திரம் வைத்த ஜெர்மன் கார் எதில் ஏறினாலும், அந்த முதலாளியால் தன் டிரைவர் வந்து கதவைத் திறந்தால்தான் இறங்க முடியும். இது முதன்முதலில் தெரியவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகல், வங்கி வாசலில். காவலாளி ஓடிவந்து கதவைத் திறந்தார். கதவு திறந்தது, முதலாளியின் கால்தான் வெளியே வரவில்லை. திறந்த கதவின் இடத்தில் காற்று சுவர்போல் இறுகி நின்றது. டிரைவர் எதிர்ப் படிக்கட்டில் உட்கார்ந்து செய்தித்தாளை டெண்டர் அறிவிப்புகள் வரைக்கும் வாசித்தார். நான்கு மணி நேரம் பத்து நிமிடம் கழித்து எழுந்து வந்து, கதவை ஒருமுறை சாத்தி மறுபடி திறந்தார். முதலாளி சட்டை நனைந்து இறங்கினார். அதற்குள் வங்கியை மூடிவிட்டார்கள்.

அந்த நான்கு மணி பத்து நிமிடத்துக்குக் காரணம் உண்டு. மூன்று மாதம் முன்பு, கார்க் கொட்டகைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில், நிறைமாதமாக இருந்த டிரைவரின் மனைவிக்கு உதிரம் போகத் தொடங்கியது. ஆம்புலன்ஸ் எங்கோ ஒரு விபத்துக்குப் போயிருந்தது. கொட்டகையில் ஏழு கார்கள் நின்றன. முதலாளியின் அப்பா வாங்கிய உருண்டைக் கண் கார் முதல், கதவுகள் பறவை இறக்கைபோல மேலே தூக்கும் பந்தயக் கார், நீளமான டீசல் கார் என்று வரிசையாக, மூன்று நாள் முன்பு வந்திறங்கிய புதுக் கார் வரைக்கும். டிரைவர் சாவி கேட்டார்.

"வெள்ளைத் தோல் சீட்டுடா. பிளாஸ்டிக்கூட இன்னும் பிரிக்கல. கறை பட்டா போகுமா?" என்றார் முதலாளி.

"பழசுல ஒண்ணு குடுங்கய்யா."

"நாளைக்குக் கண்காட்சி. எல்லாம் பாலிஷ் போட்டு நிக்குது. வேற ஏதாவது பாருடா, கிடைக்காமலா போயிடும்?"

கிடைத்தது, ஒரு காய்கறி வேன், நான்கு மணி பத்து நிமிடம் கழித்து. அவள் ஆஸ்பத்திரியின் சாய்வுப் பாதையில் ஏற்றும்போதே வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள். அந்த வருடக் கண்காட்சியில் உருண்டைக் கண் காருக்கு முதல் பரிசு.

பதினாறாம் நாள் டிரைவர் வேலைக்குத் திரும்பி, துணியை நனைத்து முகப்பு விளக்குகளைத் துடைக்க ஆரம்பித்தார். ஊரே காறித் துப்பியது. சர்வீசுக்கு வந்த மெக்கானிக் நேராகவே கேட்டார், "உனக்கெல்லாம் ரோஷமே கிடையாதாண்ணே?"

"இருக்குதுப்பா. அதான் வந்திருக்கேன்."

வங்கி வாசலில் மாட்டிக்கொண்ட பிறகு முதலாளி சும்மா இருக்கவில்லை. வெல்டிங் பட்டறை ஆளை வரவழைத்துக் கதவையே அறுத்தெடுத்தார். கதவில்லாத காருக்குள் உட்கார்ந்து தெருவில் போகிற நாயைப் பார்த்ததுதான் மிச்சம். இறக்கைக் கதவுக் காரில் மேல்வழியாக ஏறிப் பார்த்தார், வானமும் இறுகியிருந்தது. புதுக் காரில் பேசும் பெண்குரல் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் "கதவு திறந்திருக்கிறது" என்று பணிவாகச் சொன்னது. டிரைவரை வேலையைவிட்டு அனுப்பினார். அன்றைக்குக் காரில் ஏறியவர் ஒன்றரை நாள் உள்ளேயே இருந்தார். கடைசியில் முதலாளியம்மா பஸ் ஏறிப் போய் டிரைவரைக் கூட்டிவந்தார். அந்த ஒன்றரை நாளில் பயன்பட்ட பாட்டில்களைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

வேறு கம்பெனி வண்டியில் ஏறினால் ஒன்றும் ஆவதில்லை. வாடகைக் காரிலிருந்து யார் உதவியுமின்றி இறங்கினார். ஆனால் கல்யாண மண்டப வாசலில் அப்படி இறங்கியபோது ஒரு தலைகூடத் திரும்பவில்லை. வரவேற்பில் நின்றவர்கள் அவரைத் தாண்டிப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார்கள். மறுநாளே அவர் உருண்டைக் கண் காரில் ஏறிவிட்டார். அதன்பிறகு பதினோரு வருடம், போகிற இடமெல்லாம் நான்கு மணி பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பினார். ஊரும் பழகிக்கொண்டது. பத்திரிகையில் முகூர்த்தம் காலை ஒன்பது என்றால் அவர் விடியுமுன்பே மண்டப வாசலில் காருக்குள் இருப்பார். இந்த வருடங்களில் 'டா' தேய்ந்து 'டிரைவர்' ஆகி, 'நீங்க' ஆகி, 'அண்ணே' ஆனது. டிரைவருக்கு இருமல் வந்தால் முதலாளிக்குச் சோறு இறங்காது. நெஞ்சு டாக்டரிடம் போகக் காரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். டிரைவர் ஒருமுறைகூட எடுக்கவில்லை. நடந்தே போய்வந்தார்.

பன்னிரண்டாம் வருடம் அந்தக் கம்பெனியின் மின்சாரக் கார் வந்தது. சத்தமே இல்லாத வண்டி. வாசலில் நிறுத்தியபோது தெருவே கூடியது. முதலாளி பின் சீட்டில் அமர்ந்து, அவர்கள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் கதவை மெதுவாகச் சாத்தினார். பிறகு தொப்பியைக் கழற்றி பானெட்டின்மேல் வைத்துவிட்டு, துணிப்பையோடு பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார். முதலாளியம்மா செருப்பில்லாமல் பின்னால் ஓடினார்.

"அண்ணே, உங்க கால்ல வேணா விழறேன். இந்த ஒரு தடவை திறந்து விட்டுட்டுப் போங்க."

"திறந்தா என்னம்மா பண்ணுவாரு? நேரா உள்ள போய் அடுத்த வண்டியில உக்காருவாரு."

 பஸ்ஸில் டிரைவருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது.

அவர் எந்த ஊரில் இறங்கினார் என்று கண்டுபிடிக்க நான்கு வருடம் ஆனது. தேடிப்போன முதலாளியின் மகன், டிரைவர் போன மாதமே தூக்கத்தில் இறந்துவிட்டார் என்ற தகவலோடு திரும்பினான். முதலாளியம்மா அதைக் கார் கண்ணாடி வழியாகச் சொன்னார்.  முதலாளி கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கி, "அந்தாளு பொண்டாட்டி பேரு என்ன?" என்று கேட்டார். முதலாளியம்மாவுக்குத் தெரியவில்லை. சமையல்காரரைக் கேட்டார்கள், காவலாளியைக் கேட்டார்கள், மெக்கானிக்குக்குப் போன் போட்டார்கள். அந்தக் கொட்டகை அறையில் ஒன்பது வருடம் குடியிருந்தவளின் பெயர் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

முடிவெட்டுபவர் மாதம் இருமுறை வந்து ஜன்னல் வழியாக வேலையை முடித்துவிட்டுப் போகிறார். போன வருடம் நகராட்சி ஊழியர்கள் வீட்டு எண்களைப் புதிதாக எழுத வந்தபோது, வாசல் கேட்டில் பதினான்கு என்றும் காரின் கதவில் பதினான்கு அ என்றும் எழுதினார்கள். தபால்காரருக்கு இப்போது குழப்பம் இல்லை.