நீலத் தரை

டைல்ஸ் கடையில் ஜான்-பத்திஸ்த் நான்காவது வெள்ளையையும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுவே இருக்கட்டும்" என்றார். அவர் மனைவி மரிக்கு நான்கும் ஒரே வெள்ளைதான். பால் வெள்ளை, முத்து வெள்ளை, தந்த வெள்ளை என்று விற்பனைப் பெண் சந்திரகலாதான் அலுக்காமல் பெயர் சொல்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். சுவர் வெள்ளை, தரை வெள்ளை, கமோடும் வெள்ளை. படுக்கையறையை ஒட்டிய குளியலறையை இடித்துப் போட்டுப் பத்து நாளாகிறது. நிறம் முடிவாகாவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடுவதாகக் கொத்தனார் கண்ணையன் காலையில்கூட மிரட்டிவிட்டுப் போனார்.

எல்லாம் வெள்ளை என்பது மகள் அலெக்சாந்த்ராவின் யோசனை. பிரான்சில், துலூஸில் அவள் வீட்டுக் குளியலறை அப்படித்தான் இருக்கும். அங்கேதான் மே மாதம் ஜான்-பத்திஸ்த் விழுந்தார். கமோடில் உட்காரப் போனவர், அதற்கு ஒரு சாண் தள்ளி வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு முதலில் ஓடியது மரி. "சோப்பு வழுக்கிடுச்சு" என்றார். தரை காய்ந்து கிடந்தது, சோப்பு அதன் பெட்டியில் இருந்தது. பின்னாலேயே ஓடிவந்த மகளிடம் மரியும் "சோப்புதான்" என்று சொல்லிவிட்டாள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் குறி பார்த்துச் சுட்டுப் பதக்கம் வாங்கிய மனிதர். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் அவர்கள் வீட்டுக்குச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்றுதான் பெயர். கண் டாக்டர் என்று பேச்செடுத்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். பிறகு இரண்டு நாளைக்கு அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. இருப்பதே இரண்டு பேர். மரி அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். குளியலறையை மட்டும் விடுவதாக இல்லை. இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் மனிதர் எழுந்து நடப்பாரா? மூன்று மாதமாக அவளுக்கு அந்த பயம்தான்.

"எனக்குத் தரை கருநீலமா வேணும்."

"குளிக்கிற எடமா, குகையா?"

"வெள்ளையா இருந்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்குங்க."

சந்திரகலா நல்ல எண்ணத்தோடுதான் குறுக்கே புகுந்தாள். "மேடம், நம்ம ஊரு உப்புத் தண்ணிக்கு டார்க் கலர்ல திட்டுத் திட்டா கறை தெரியும். டெய்லி தேய்க்கணும்."

"நான்தானம்மா தேய்க்கப்போறேன்."

வாதத்தில் இறங்குமுகமானால் மகளைக் கூப்பிடுவது ஜான்-பத்திஸ்த்தின் வழக்கம். கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மரியிடம் நீட்டினார்.

"ஐயோ அம்மா, கருநீலத் தரையில வெள்ளைக் கமோடா? மட்டமான லாட்ஜ் மாதிரி இருக்கும்" என்றாள் அலெக்சாந்த்ரா.

"இருந்துட்டுப் போவட்டும்."

"உங்களுக்கு என்னதாம்மா ஆச்சு? நல்லாத்தானே இருந்தீங்க?"

உண்மையைச் சொன்னால் ஒரு வார்த்தையில் தீர்ந்துவிடும். ஆனால் மூன்றாம் மனுஷி முன்னால் அவர் முகம் எப்படிப் போகும் என்று மரிக்குத் தெரியும்.

அதற்குள் சந்திரகலா ஒரு கருநீலக் கல்லைத் தரையில் வைத்து, அதன் மேல் வெள்ளை டைல் துண்டு ஒன்றை வைத்துக் காட்டினாள். ஜான்-பத்திஸ்த் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தார். வெள்ளை எங்கே முடிகிறது, நீலம் எங்கே தொடங்குகிறது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து போனை வாங்கிக்கொண்டார்.

"விடும்மா, நீலமே இருக்கட்டும். உங்கம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல. வெள்ளையில வெள்ளைய வெச்சா அவளுக்குப் புரிபடாது."

மரிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எப்பலேருந்தும்மா?" மகளின் குரல் இறங்கியிருந்தது.

மரி கணவரைப் பார்த்தாள். அவர் தரையில் இருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"மூணு மாசமா" என்றாள்.

"பப்பா, நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"போறேன். போற எடத்துல நானும் சும்மா ஒருதரம் காட்டிட்டு வரேன்."

சந்திரகலா நீலத்தையே எழுதிக்கொண்டாள். மரியிடம் இப்போது கொஞ்சம் சத்தமாகவும் நிறுத்தியும் பேசினாள், கண் தெரியாதவர்களுக்குக் காதும் கேட்காது என்பதுபோல. மரி தலையாட்டினாள்.

கடையிலிருந்து தெருவுக்கு மூன்று படி. மூன்றும் வெயிலில் பளபளக்கும் ஒரே வெள்ளைக் கல். ஜான்-பத்திஸ்த், சந்திரகலா பார்க்கும்படியாக, மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து, பாத்து எறங்கு" என்றார் உரக்க.

"ஒண்ணு" என்றாள் மரி, அவருக்கு மட்டும் கேட்கும்படி, காலை இறக்கிக்கொண்டே. அவர் காலும் இறங்கியது.

"ரெண்டு."